ஸ்கோப்பைக் கெடுத்தது ஏழுமலை இல்ல

நைனா,

இந்தக் கடுதாசிய நின்னுக்கினு படிக்காத, உக்காரு. போன்ல சொல்லலாம்னா "ஷிப்ட்ல கீறேன்மா"ன்னு வெச்சுடுவே. வாட்ஸ்அப்புல பேசி அனுப்புனா ரெண்டு மடங்கு வேகத்துல ஓட உட்டு கேக்கற ஆளு நீ. அதான் கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு நோட்டுல எழுதறேன். எழுத்து கோணலா கீதுன்னு சிரிக்காத, பத்தாவதோட பேனாவைக் கீழ வெச்சவ நான்.

போன ஞாயித்துக்கிழமை ஓசூர்லேர்ந்து போன் பண்ணி இன்னா சொன்னே? கல்யாணத்துக்கு முந்தின வாரம் பொண்ணோட அண்ணன் நம்ம ஊருக்கு வரான், அவனுக்கு ஏர்கன் சுட்டுக் காட்டணும், அது மேல மாட்டியிருக்கற ஸ்கோப்பை, அந்தக் குறி பாக்கற குழாய, யாராண்டயாவது குடுத்து சரி பண்ணி வைன்னே. சரின்னேன். அதோட உட்டிருந்தா இந்தக் கடுதாசியே கிடையாது. "அந்த ஏழுமலை கீழ போட்டுக் கெடுத்ததுலேர்ந்து ஒரு குண்டு கூட ஒயுங்கா போவலம்மா"ன்னு சேத்து சொன்னே பாரு, எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. மூணு வருஷம் ஆச்சு. நீ அதைக் கோவமா கூட சொல்லல, பல்லு வெளக்கிட்டேன்னு சொல்ற மாதிரி சொன்னே. எரிச்சல் உம்மேல பாதி, எம்மேல பாதி. எம்மேல ஏன்னு கேப்பே. சொல்றேன், அதுக்குத்தான் உக்காரச் சொன்னேன்.

முதல்ல உன் சங்கதியப் பேசிடுவோம். அந்த ஏர்கன்ன வாங்கின புதுசுல நீ பட்ட அவஸ்தைய கூடவே இருந்து பாத்தவ நான். பழைய செங்கல் சூளை செவுத்துல பெயின்ட் டப்பா மூடிய மாட்டி, நடுவுல வெள்ளைக் காகிதம் ஒட்டி, நீயும் ஏழுமலையும் மாத்தி மாத்தி சுடுவீங்க. ரெண்டு பேரும் ஐ.டி.ஐ.யில ஒரே பெஞ்சு, சாயங்காலமானா ஒரே துப்பாக்கி. குண்டு தள்ளிப் போச்சுன்னா நீ உடனே ஸ்கோப்பு மேல கீற குமிழைத் திருப்புவே. மேல நாலு க்ளிக், இடது பக்கம் ஆறு க்ளிக். அடுத்த குண்டு வேற எங்கியோ போவும். மறுபடி திருப்புவே. ரேடியோவுல ஸ்டேஷன் புடிக்கற மாதிரி திருப்பிக்கினே இருப்பே. "டேய், முதல்ல அது ஆடுதா பாரு"ன்னு நான் சொன்னா, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னுடுவே.

முதல் ஸ்கோப்பைப் பூட்டும்போது ஆலன் கீ மேல இரும்புப் பைப்பை சொருகி முறுக்குனே. குழாய் ரெண்டு எடத்துல பள்ளமாயி, உள்ள இருக்கற கூட்டல் குறி நகரவே மாட்டேன்னு நின்னுபோச்சு. அதைப் பொட்டியில போட்டு, வரும்போதே பழுதுன்னு திருப்பி அனுப்புனே. ரெண்டாவது, விலை மலிவுன்னு வாங்கின ஸ்கோப்பு. இது ஸ்பிரிங் துப்பாக்கி, சுட்டா முதல்ல பின்னாடி ஒதைக்கும், அப்பால முன்னாடி ஒதைக்கும். அந்த ரெண்டு ஒதையும் தாங்கற ஸ்கோப்பு தான் அதுக்கு வேணும். ஒரே மாசத்துல உள்ள கம்பி அறுந்துச்சு. அப்பவும் நீ செஞ்சது தப்புன்னு உன் வாயில வரல. கம்பெனிக்காரன் திருடன், கொரியர்காரன் தூக்கிப் போட்டான், வெயில் ஜாஸ்தி. உன் கை மட்டும் தங்கம். நான் சிரிச்சுக்கினே கம்முனு இருந்தேன். அங்கியே தலையில ஒரு குட்டு வெச்சிருக்கணும்.

மூணாவது ஸ்கோப்பு நல்ல சாமான். அதை ஒரு கடைக்காரரே பூட்டி, ஒயுங்கா நிக்க வெச்சு குடுத்தாரு. குண்டு சொன்ன எடத்துக்குப் போச்சு. காஞ்சிபுரம் பக்கத்து கிளப்புல ஸ்கோப்பு வெச்சு சுடற போட்டிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் பேரு குடுத்தீங்க. உனக்கு ஒரே ஒரு குறை. ஸ்கோப்பு கண்ணுக்குத் தூரமா கீது, கழுத்தை நீட்ட வேண்டியிருக்குதுன்னு தினம் பொலம்புவே.

இனிமே என் சங்கதி. நான் கம்பெனியில இன்னா வேலை செய்றேன்னு நீ உன் சிநேகிதங்க கிட்ட சொன்னதே இல்ல. "அம்மா கம்பெனிக்குப் போறாங்க", அவ்ளோதான். நைனா, உங்கம்மா நாள் பூரா டார்க் ரென்ச் புடிக்கறவ. டக்குன்னு சத்தம் வர வரைக்கும் போல்ட்டை இறுக்கணும், அப்பால போல்ட்டு மேலேர்ந்து அடித்தகடு வரைக்கும் மஞ்சள் மார்க்கர்ல ஒரு கோடு இழுக்கணும். அந்தக் கோடு ஒடைஞ்சு ரெண்டா நின்னுதுன்னா சாமான் தானா நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். இந்த வேலையில என் லைன்ல என்னை மிஞ்ச ஆளில்லன்னு எனக்கு ஒரு திமிரு. அந்தத் திமிரு தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

போட்டிக்கு ரெண்டு நாளு முன்னாடி, வெள்ளிக்கிழமை. நீ வேலைக்குப் போயிட்டே. பையன் கழுத்து வலிக்குதுன்றானே, நாம சரி பண்ணி வெச்சா அசந்துபோவான்னு துப்பாக்கிய எடுத்து மடியில வெச்சேன். ஸ்கோப்பைத் தாங்கற மவுண்ட்டை லூஸ் பண்ணி, அப்படியே ஒரு வெரல் அளவு பின்னாடி தள்ளுனேன். அங்க அது சமமா உக்காரல, ஆடுச்சு. திருப்பிப் பாத்தா அடியில ஒரு குட்டி ஸ்குரூ நீட்டிக்கினு நிக்குது. எங்க லைன்ல ஸ்குரூ தலை தூக்கி நின்னா ரிஜெக்ட். பூட்டனவன் பாதியில உட்டுட்டான்னு நெனச்சு அதை முழுசா உள்ள திருப்பிட்டேன். மவுண்ட்டு அம்சமா உக்காந்துச்சு. இறுக்கி, துடைச்சு, பழக்க தோஷத்துல மவுண்ட்டுக்கும் துப்பாக்கிக்கும் சேத்து மஞ்சள் கோடும் இழுத்தேன்.

அந்த ஸ்குரூ நீட்டிக்கினு தான் இருக்கணும், நைனா. அது துப்பாக்கி முதுகுல கீற ஓட்டையில எறங்கி நிக்கற முளை. மாட்டைக் கட்டிப் போடற முளை மாதிரி. ஒவ்வொரு ஒதைக்கும் மவுண்ட்டு நகராம அது தான் புடிச்சுக்கும். நான் முளைய புடுங்கிட்டு கவுறை மட்டும் இறுக்கிக் கட்டியிருக்கேன். கண்ணுக்குக் கிட்ட வரணும்னா மவுண்ட்டைத் தொடவே கூடாது, மேல ஸ்கோப்பைச் சுத்திப் புடிக்கற வளையத்தை லூஸ் பண்ணி ஸ்கோப்பை மட்டும் பின்னாடி இழுக்கணும். அது அன்னிக்கு எனக்குத் தெரியாது. தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி செஞ்சேன். உன்னைச் சொல்றேனே, நீ எங்கேர்ந்து வந்தே, என் வயித்துலேர்ந்து தானே.

சாயங்காலம் வந்து பாத்துட்டு நீ இன்னா சொன்னேன்னு ஞாபகம் கீதா? "இன்னாம்மா, துப்பாக்கிக்கு மஞ்சள் பூசி ஆயுத பூஜை பண்ணிட்டியா"ன்னு சிரிச்சே. நாலு குண்டு சுட்டே, நேரா போச்சு. "கழுத்து வலி போச்சு"ன்னே. நான் பூரிச்சுப்போனேன். மறுநாள் நீ வேலைக்குப் போனதும் ஏழுமலை வந்து பழகறதுக்கு எடுத்துக்கினு போனான், சாயங்காலம் துடைச்சுக் கொண்டாந்து குடுத்தான். ஆக, நான் தொட்டது உனக்குத் தெரியும், அவன் தொட்டதும் உனக்குத் தெரியும். இதை மனசுல வெச்சுக்கோ.

போட்டியில நடந்தது நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் சுத்துல நீ நல்லா சுட்டே. அப்பால அதே துப்பாக்கியில ஏழுமலை. அவனுக்கு ரெண்டாவது குண்டே தள்ளிப் போச்சு. அவன் குமிழைத் தொடல. குண்டு எவ்ளோ தள்ளி உழுதுன்னு பாத்து, அந்த அளவுக்கு இந்தாண்ட குறி வெச்சு மீதி எல்லாத்தையும் நடுவுல எறக்குனான். கிளப்பு கோச்சு அவன் தோள்ல தட்டுனாரு. உன் ரெண்டாவது சுத்து வரும்போது மவுண்ட்டு இன்னும் நகர்ந்துடுச்சு, நீ குமிழைத் திருப்பித் திருப்பி எல்லாத்தையும் காகிதத்துக்கு வெளிய உட்டே. உன்னை எடுக்கல. அந்த வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது.

ஆனா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, டீக்கடை முன்னாடி, நம்ம ஊரு ஜனம் பாதி பேரு டவுன் பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல நீ பேசுனது எனக்குப் புரியல. "நேத்து எடுத்துக்கினு போயி கொக்கு சுட்டுட்டு கீழ போட்டுட்ட தானே, உங்க ஆளுங்க புத்தி எங்க போவும்"னு கேட்டியாமே. அவன் "மவுண்ட்டு நகர்ந்துகீதுடா, குனிஞ்சு பாரு"ன்னு சொல்லியிருக்கான். நீ குனியல.

உங்க ஆளுங்க. அந்த வார்த்தை உனக்கு எங்கேர்ந்து கெடைச்சுது? ஏரிக்கரை இருளர் காலனியில பொறந்தவன் ஒரு சாமானத் தொட்டா அது அவனால தான் கெட்டிருக்கணுமா? கம்பெனியில ஒருத்தி பர்ஸு காணாம போனப்ப, எந்தத் தெருன்னு கேட்டுட்டு சூப்பர்வைசர் என் பைய தான் முதல்ல பிரிச்சாரு. அன்னிக்கு நான் சோறு தின்னாம படுத்ததும், நீ அந்த சூப்பர்வைசரை வெட்டறேன் குத்தறேன்னு குதிச்சதும் மறந்துபோச்சா? நம்ம மேல உழுந்த அதே சாணிய வழிச்சு நீ அவன் மேல அடிச்சிருக்கே. ரெண்டு பேரு தொட்ட துப்பாக்கி. ஒருத்தி உங்கம்மா, ஒருத்தன் ஏழுமலை. உனக்கு எம்மேல சந்தேகம் கூட வரல பாரு, அது பாசமில்லடா.

சரி, நீ செஞ்சதாவது கோவத்துல செஞ்சது. நான் செஞ்சதைக் கேளு. அன்னிக்கு சாயங்காலமே அவன் நம்ம வூட்டாண்ட வந்தான். நீ கதவை சாத்திக்கினு படுத்திருந்தே. நான் கொழாயாண்ட தண்ணி புடிச்சுக்கினு இருந்தேன். "அம்மா, நான் கீழ போடலம்மா. மவுண்ட்டு தானா நகர்ந்துகீது, நீங்க போட்ட கோட்டையே பாருங்க"ன்னான். "சரிப்பா, கோவம் ஆறட்டும், நான் பேசறேன்"னு அனுப்பிட்டேன். அவன் போனதும் உள்ள வந்து துப்பாக்கி ஒறையப் பிரிச்சுப் பாத்தேன். என் மஞ்சள் கோடு ஒடைஞ்சு நின்னுச்சு. மவுண்ட்டு மேல ஒரு பாதி, துப்பாக்கி மேல ஒரு பாதி, நடுவுல ஒரு அரிசி மணி அளவு. கீழ போட்டா அப்படி நேரா நகராது, எங்கியாவது ஒரு கீறலாவது இருக்கும். ஒண்ணுமில்ல. எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு.

நான் இன்னா பண்ணேன்னு நெனைக்கறே? கெரசின்ல துணிய நனைச்சு அந்தக் கோட்டை அழிச்சேன். ரெண்டு பாதியையும்.

ஏன்னு என்னையே கேட்டுக்கறேன். உனக்குப் பயந்தா? உனக்கு எதுக்கு நான் பயப்படணும்? "எதுக்கு என் சாமானத் தொட்டே, உனக்கு இன்னா தெரியும்"னு நீ கத்துவே, நான் கெட்டிக்காரின்ற பேரு போவும். அவ்ளோதான். ரெண்டு நாளு போவட்டும் சொல்லிடலாம்னு நெனச்சேன். ரெண்டு நாளு ரெண்டு மாசமாச்சு. அப்பால சொல்றதுக்கு வாய் வரல.

இன்னொண்ணும் கீது. ஏழுமலையாண்ட அப்ப போன் கெடையாது, கிளப்புல என் நம்பரைத் தான் குடுத்திருந்தான். அந்தக் கோச்சு ரெண்டு வாட்டி எனக்கு போன் பண்ணாரு. "அந்தப் பையனை வரச் சொல்லுங்கம்மா, துப்பாக்கி இல்லன்னா பரவால்ல, கிளப்பு துப்பாக்கியிலயே பழகட்டும்"னாரு. முதல் வாட்டி சொல்றேன்னேன். ரெண்டாவது வாட்டி "அவன் ஊர்ல இல்லீங்க"ன்னுட்டேன். அவன் ஏரிக்கரையில தான் இருந்தான். அவன் வந்து மேல போனா நீ இன்னும் நொந்துபோவேன்னு எனக்குத் தோணுச்சு. என் புள்ளைக்காக இன்னொருத்தி புள்ள சோத்துல மண்ணைப் போட்டேன். இதை உங்கப்பாவுக்குக் கூட சொல்லல.

அதுக்கப்பறம் அவனுக்கு ஊர்ல இன்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியாது, நீ ஓசூர் போயிட்டே. யாரு வூட்டு வாத்து காணாம போனாலும் "அந்த ஏர்கன் பையன் இந்தப் பக்கம் வந்தானா"ன்னு கேக்கறாங்க. நீ வெச்ச பேரு. அவன் துப்பாக்கியத் தொட்டே மூணு வருஷமாச்சு. வாலாஜாபாத்ல ரைஸ் மில்லுல மூட்டை தூக்கறான்.

உன் போன் வந்த மறுநாள் நான் அந்த ஸ்கோப்புக் கடைக்காரரைப் போன்ல கேட்டுக்கினு துப்பாக்கிய எறக்கி சரி பண்ணேன், கேட்டுக்கோ. முளைய மறுபடி வெளிய எடுத்து ஓட்டையில எறக்குனேன். எண்ணெய் இல்லாம துடைச்சேன். குமிழு ரெண்டையும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் எண்ணி, நடுவுல நிறுத்துனேன். முருங்கை மரத்துல கொத்தனார் தூக்குகுண்டைக் கட்டித் தொங்க உட்டு, துப்பாக்கி சாயாம வெச்சுக்கினு, அந்த நூலும் ஸ்கோப்புக்குள்ள நிக்கற கோடும் ஒண்ணா வர வரைக்கும் ஸ்கோப்பைத் திருப்புனேன். வளையத்து ஸ்குரூவை குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா, பைப்பு இல்லாம, கீயோட குட்டைப் பக்கத்தைப் புடிச்சு இறுக்குனேன். ஒரு மத்தியானம் ஆச்சு. அப்பால சூளை செவுத்தாண்ட போயி நானே சுட்டேன். முதல்ல கிட்டக்க நின்னு, அப்பால தூரம். ஒவ்வொரு அஞ்சு குண்டுக்கும் ஒரு வாட்டி தான் குமிழைத் தொட்டேன். கடைசி அஞ்சும் ஒரு வெரல் நுனியில மறையற அளவுக்குள்ள உழுந்துச்சு. உங்கப்பா வாயப் பொளந்துக்கினு பாத்தாரு. எனக்குத் தான் சந்தோஷமே வரல. மூணு வருஷம் முன்னாடி இதே மத்தியானத்தை செலவு பண்ணியிருந்தா ஒருத்தன் வாழ்க்கை வேற மாதிரி போயிருக்குமேன்னு அழுகை தான் வந்துச்சு.

செவ்வாக்கிழமை ஏழுமலை வூட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி தண்ணி குடுத்தா. எல்லாத்தையும் சொன்னேன், ஸ்குரூ, கோடு, கெரசின், எல்லாத்தையும். தலைய குனிஞ்சு கேட்டுக்கினே இருந்தான். கோச்சு போன் பண்ணதை சொன்னப்ப மட்டும் எழுந்து வாசப்படிக்கு அந்தாண்ட போயி நின்னுட்டான். அவனுக்கு அது தெரியாது, நைனா. கிளப்புல தன்னை வேணாம்னுட்டாங்கன்னு தான் இவ்ளோ நாளும் நெனச்சுக்கினு இருந்திருக்கான். ரொம்ப நேரம் கழிச்சு உள்ள வந்தான். "மன்னிச்சுக்கோப்பா"ன்னேன். அதுக்கு அவன் இன்னா சொன்னான்னு அப்படியே எழுதறேன். "நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. எங்கிட்ட வந்து சொல்லி இன்னா? கேட்டவங்க கிட்ட போயி சொல்லுங்க."

துப்பாக்கிய ஒரு வாட்டி சுட்டுப் பாக்கறியாப்பான்னு கேட்டேன். "வேணாம்மா, நான் தொட்டப்பறம் மறுபடி எதனா ஆச்சுன்னா?"ன்னான். கோவமா சொல்லல. அதான் தாங்க முடியல.

நேத்து, புதன்கிழமை, கம்பெனி பஸ் உத்திரமேரூர்ல எறக்கி உட்டதும் நான் வூட்டுக்கு வரல. நேரா அந்த டீக்கடைக்குப் போனேன். நம்ம ஊரு ஜனம் டவுன் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்துச்சு. பொம்பள தனியா நின்னு சத்தமா பேசுனா பைத்தியம்னு நெனைப்பாங்களோன்னு ஒரு பயம். பேசிட்டேன். ஏர்கன்ன கெடுத்தது ஏழுமலை இல்ல, நான், என் கையால, அவன் ஒரு கொக்கும் சுடல, கீழயும் போடல, தெரிஞ்சுக்கினே மூணு வருஷம் மறைச்சேன்னு சொன்னேன். ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தர் "இப்ப எதுக்குமா இதெல்லாம், புள்ளைக்குக் கல்யாண நேரத்துல"ன்னாரு. கல்யாண நேரம்னா பொய்யி கூடவே பந்தியில உக்காரலாமான்னு கேட்டுட்டேன்.

இந்த எடத்துல, நீ ஏழுமலையாண்ட போவலன்னா உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்னு எழுதி, அடிச்சிட்டேன், பாத்திருப்பே. வருவேன். வராம எப்படி இருப்பேன், ஒத்தைப் புள்ளைய பெத்துட்டு. உன்னை மிரட்டி அனுப்புனா அது நீ போனதா ஆவாது. உன் பொண்டாட்டியா வரப்போறவ கிட்ட நாளைக்கு ஒரு பாத்திரம் ஒடைஞ்சாலும், புள்ள அழுதாலும், முதல்ல குனிஞ்சு பாரு. யாரைச் சொல்லலாம்னு சுத்தி பாக்காத. எனக்குத் தெரிஞ்ச புத்திமதி அவ்ளோதான், அதையும் நான் ரொம்ப லேட்டா கத்துக்கினேன்.

டீ ஊத்தறவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, கிளாஸைக் கழுவிக்கினே ஒண்ணு கேட்டாரு. "நீ தொட்டதை நீ சொல்லிட்டேம்மா, சரி. கொக்கு சுட்டான்னு இங்க நின்னு சொன்னது நீ இல்லியே. உம் மவன் இன்னா சொல்றான்?" நின்னுக்கினு இருந்தவங்க எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கேக்கறேன் நைனா. இன்னா சொல்றே?

உங்கம்மா